பழைய தபால் தலைகளும் அவற்றின் மேல் விழுந்த முத்திரைகளும்

இப்பொன்விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டபோது, கோவில் கட்டிய வரலாற்றை அவர்கள் மனத்தில் வைத்திருந்திருக்கலாம். அதை நம்மிலும் நன்கறிந்த பெரியோர் இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதியிருக்கின்றனர். நாம் எழுதப் புகுந்தது வேறொன்று. விழாக் கண்காட்சிக்கென்று பங்கு மக்கள் தங்கள் இல்லங்களிலிருந்து பழைய கடிதங்களையும் படங்களையும் கொண்டுவந்து பங்கு இல்லத்தில் சேர்த்தபோது, இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பாட்டனாரும் அவர்தம் உடன்பிறந்தாரும் எழுதிய கடித உறைகள் பலவற்றில் வலது மேல் மூலையில் ஒரு சதுர ஓட்டை மட்டுமே இருக்கக் கண்டோம். தபால் தலையைப் பிள்ளைகள் கத்தரித்து எடுத்துவிட்டார்களாம். அந்த ஓட்டைகளைப் பார்த்தபோது நமக்குக் கோபம் வரவில்லை, வெட்கமே வந்தது. ஏனெனில் ஒரு காலத்தில் அதே குற்றத்தை மூட்டை மூட்டையாகச் செய்தவர் நாம்.

மறைபரப்புப் பணிகளுக்கு உதவியாகப் பயன்படுத்திய தபால் தலைகளைச் சேர்த்து அனுப்பும் வழக்கம் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் மடங்களிலும் நெடுங்காலமாக உண்டு. குருமடத்தில் நாம் படித்த நாட்களில் அந்தப் பொறுப்பு இரண்டு ஆண்டுகள் நம்மிடம் இருந்தது. உறைகள் வந்ததும் தலைகளை ஒட்டக் கத்தரிப்போம். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவோம். தாள் கழன்றதும் பழைய செய்தித்தாளின் மேல் பரப்பி உலர்த்துவோம். தரம் பிரிப்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரே அளவுகோல், படம் சுத்தமாகத் தெரிகிறதா என்பதுதான். கறுப்பு முத்திரை அழுத்தமாக விழுந்து, இராணியின் முகத்தையே மறைத்திருந்தால் அத்தலை குப்பைக் கூடைக்குப் போகும். எத்தனை போயிற்று என்று இப்போது யாரால் சொல்ல முடியும்!

அப்படிக் கூடைக்குப் போகாமல் தப்பிய ஒன்று இன்றும் நம்மிடம் இருக்கிறது. இறந்துபோன வயோதிக குருவானவர் ஒருவரின் புத்தகங்களோடு குருமடத்துக்கு வந்த சிறிய ஆல்பம் ஒன்றில் அது ஒட்டியிருந்தது. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த பழுப்பு நிற ஓர் அணா. அதன் மேல் கிடையாகக் கறுப்புக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே 'பி' என்னும் ஆங்கில எழுத்து. அதன் கீழே 1, 7 என்று இரண்டு இலக்கங்கள். அத்தோடு தலையின் வலது ஓரம் முடிந்துவிடுகிறது. எஞ்சியது எந்த உறையிலோ, எந்தக் குப்பையிலோ போய்விட்டது. அதைப் பற்றி இரண்டொரு நூல்களைப் புரட்டிய நாம், மிக்க மகிழ்ச்சியோடு பேனாவை எடுத்து, அதன் கீழே 'சிங்கப்பூர்' என்று மையால் எழுதினோம். அது சரியா, தவறா என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

முதலில் முத்திரை எதற்கு என்று பார்ப்போம். (இலங்கைத் தமிழர் தபால் தலையையே 'முத்திரை' என்பர். நாம் இங்கே முத்திரை என்பது, தலையின் மேல் அலுவலகத்தார் குத்தும் அடையாளத்தை.) உலகின் முதல் ஒட்டும் தபால் தலை, இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் புழக்கத்துக்கு வந்த கறுப்பு நிற ஒரு பென்னித் தலை. ஒரு முறை ஒட்டிய தலையை உரித்து இன்னொரு கடிதத்தில் ஒட்டிவிட்டால் அரசாங்கத்துக்கு நஷ்டம் அல்லவா? ஆகவே மால்டா சிலுவை வடிவில் சிவப்பு மையால் அதன் மேல் குத்தினார்கள். கறுப்புத் தலையின் மேல் சிவப்பு மை சரியாகத் தெரியவுமில்லை. கெட்டிக்காரர்கள் அதைக் கழுவியும் விட்டார்கள். எனவே அடுத்த ஆண்டே தலையைச் சிவப்பாக்கி மையைக் கறுப்பாக்கினார்கள். 1844 முதல் சிலுவைக்குப் பதிலாக எண் வந்தது. ஊருக்கு ஓர் எண். ஊர்ப் பெயரும் தேதியும் கொண்ட வட்ட முத்திரையை உறையின் வேறிடத்தில், பெரும்பாலும் பின்புறத்தில், தனியாகக் குத்தினார்கள்.

இந்த ஏற்பாட்டை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். தலையின் மேல் இருப்பது ஒரு எண். ஊரும் நாளும் உறையின் மேல். தலையைக் கத்தரித்து எடுத்தால், பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம். பெயரையும் எண்ணையும் ஒரே கருவியில் இணைத்த இரட்டை முத்திரைகள் பிற்பாடு வந்தன. ஆனால் அவற்றிலும் எண் தலையின் மேலும் ஊர்ப் பெயர் உறையின் மேலும் விழும்படியே செய்திருந்தார்கள்.

இந்தியாவுக்கு வருவோம். சிந்து மாகாணத்தில் பார்ட்டில் பிரேர் 1852இல் வெளியிட்ட தலைகளைத் தவிர்த்தால், இந்தியா முழுமைக்கும் தபால் தலைகள் 1854ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் வந்தன. கல்கத்தாவில் நில அளவை அலுவலகத்தில் கேப்டன் துல்லியர் மேற்பார்வையில் கல் அச்சில் அடித்தவை நீல அரை அணா, சிவப்பு ஓர் அணா, இரு வண்ண நாலணா. பச்சை இரண்டணாவைக் கல்கத்தா நாணயச் சாலையில் அச்சிட்டார்கள். கால் தோலா எடையுள்ள கடிதம் அரை அணாவுக்கு இந்தியாவின் எந்த மூலைக்கும் போகும் என்பது புதிய ஏற்பாடு. அதற்கு முன்பு தூரத்துக்கு ஏற்றபடி கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

'இந்தியாவின் எந்த மூலைக்கும்' என்றோமே, அந்த இந்தியா அன்று எதுவரை போயிற்று? இங்கேதான் விசித்திர முத்திரைகளின் கதை தொடங்குகிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே ஆட்சிப் பிரிவாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் இருந்தன. முதலில் வங்காளத்துக்கு அடங்கியும், 1851 முதல் கவர்னர் ஜெனரலின் நேர் பொறுப்பிலும் ஆளப்பட்டன. எனவே கல்கத்தாவில் அச்சான தலைகளே அங்கும் விற்பனையாயின. வங்காளத் தபால் வட்டத்தின் அலுவலகங்களுக்குக் கொடுத்த முத்திரை, எண்கோண வடிவில் கிடைக் கோடுகளும், நடுவில் வங்காளத்தைக் குறிக்கும் 'பி' எழுத்தும், அதன் கீழே அலுவலக எண்ணும் கொண்டது. மலாக்காவுக்கு 109. பினாங்குக்கு 147. சிங்கப்பூருக்கு 172. பர்மாவிலும் இதே முறைதான். இரங்கூனின் எண் 156.

ஆகவே ஓர் அணாத் தலை ஒன்றை மட்டும் பார்த்தால் அது இந்தியத் தலை. வங்காளத்தில் ஒட்டியதா, சென்னையில் ஒட்டியதா என்று அதன் முகம் சொல்லாது. அதன் மேல் பி 147 என்று விழுந்திருந்தால் அது பினாங்கில் ஒருவன் கை காசு கொடுத்து வாங்கி, நாக்கால் நனைத்து ஒட்டியது. நாகப்பட்டினத்திலிருந்து மரக்கலம் ஏறிப்போன நம் தமிழ்நாட்டு மரைக்காயரும் செட்டியாரும் கூலியாட்களும் இந்த ஊர்களில் அன்றே நிறைந்திருந்தனர். சிங்கப்பூர் மாரியம்மன் கோவில் 1827இல் தோன்றியது. பினாங்கில் பாரிஸ் வேதபோதக சபையாரின் பொதுக் குருமடம் 1808 முதல் நடந்துவந்தது. அதே குருமடம் அதற்கு முன்னே 1770 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நம் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் இருந்தது என்பதைப் பங்கு மக்களில் பலர் அறியார். 1850களில் அங்கிருந்து இந்தியாவுக்கு ஒரு குரு மாணவர் எழுதியிருந்தாலும், ஒரு வியாபாரி எழுதியிருந்தாலும், இருவர் கடிதத்திலும் இராணியின் முகத்தில் ஒரே பி 147தான் விழுந்திருக்கும்.

இந்தத் தலைகள் அங்கே நிலைக்கவில்லை. நீரிணைக் குடியேற்றங்களின் கடைவீதியில் புழங்கியது வெள்ளி டாலரும் சென்ட்டும். தபால் தலையோ அணாக் கணக்கு. அங்குள்ள வியாபாரிகளுக்குக் கல்கத்தாவின் ஆட்சியில் வேறு குறைகளும் இருந்தன. 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அப்பகுதி இந்தியாவிலிருந்து பிரிந்து, இலண்டனின் நேரடிக் காலனியாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியத் தலைகளின் மேலேயே ஒரு கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அச்சடித்து வெளியிட்டார்கள். அரை அணா ஒன்றரை சென்ட் ஆயிற்று. எட்டணா இருபத்து நாலு சென்ட் ஆயிற்று. மொத்தம் ஒன்பது மதிப்புகள். எனவே கிரீடம் இல்லாத இந்தியத் தலையில் பி 172 இருந்தால், அது 1854க்கும் 1867க்கும் இடைப்பட்ட அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கும். பர்மாவோ 1937 வரை இந்தியாவோடு இருந்ததால், இரங்கூன் கடிதங்களில் இந்தியத் தலை என்பது நம் பாட்டனார் காலம் வரை சாதாரணம். இலங்கையின் கதை வேறு. அது கம்பெனிக்கு உட்படாத தனிக் காலனி. 1857 முதல் தனக்கென்று சொந்தத் தலைகள் வைத்திருந்தது.

மேற்கே ஏடனுக்கும் இந்தியத் தலைகள் போயின. ஏடன் பம்பாய்க்கு அடங்கியது; அதன் பழைய எண் 124. பாரசீக வளைகுடாவில் மஸ்கட்டிலும் புஷயரிலும் 1864இல் இந்தியத் தபால் அலுவலகங்கள் திறந்தார்கள். ஆப்பிரிக்கக் கரையில் சான்சிபாரில் 1868இல் ஒன்று திறந்து, அடுத்த ஆண்டே மூடி, 1875இல் மறுபடி திறந்தார்கள். இவற்றில் எல்லாம் ஒட்டியது இந்தியத் தலை. ஆக, தலையைப் பார்த்து ஊரைச் சொல்ல வழியே இல்லை. கறுப்பு மையைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் மையும் தெளிவாகப் பேசும் என்று நினைத்துவிடக் கூடாது. 'பி' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தியத் தலையில் அது வங்காளம். ஹாங்காங் தலையில் பி 62 என்று கண்டால் அதற்கும் வங்காளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இலண்டன் தலைமை அலுவலகம் தன் கடல் கடந்த அலுவலகங்களுக்கு வழங்கிய வரிசையில் ஹாங்காங்குக்கு வந்த எண் அது. அதே வரிசையில் மொரீஷியசுக்கு பி 53. மொரீஷியஸ் தலையில் பி 64 இருந்தால் அத்தலை மொரீஷியசில் பயன்பட்டதே அன்று. ஆயிரம் மைலுக்கு அப்பால் சேஷெல்ஸ் தீவில் ஒட்டியது. சேஷெல்ஸ் அன்று மொரீஷியசுக்கு உட்பட்டிருந்தது. 1861 டிசம்பரில் அங்கே அலுவலகம் திறந்து, 1890இல் சொந்தத் தலை வரும் வரை மொரீஷியஸ் தலைகளையே விற்றார்கள். இவை போதாவென்று, நீரிணைக் குடியேற்றங்களின் தலையில் 'பி' என்ற எழுத்து மட்டும் தனியாக அச்சாகி இருப்பதும் உண்டு. அது முத்திரையே அன்று. 1882 முதல் பாங்காக் பிரிட்டிஷ் தூதரகத்தில் விற்ற தலைகளுக்கு இட்ட அடையாளம்! ஒரே எழுத்துக்கு எத்தனை பொருள் பாருங்கள். நம்மைப் போன்ற அரைகுறைகள் இதில்தான் வழுக்கி விழுவார்கள்.

இன்னொரு குழப்பம் கப்பலால் வருவது. நடுக்கடலில் கப்பலில் போட்ட கடிதத்துக்கு அக்கப்பலின் நாட்டுத் தலையை ஒட்டலாம். அது சேரும் முதல் துறைமுகத்தில் முத்திரை குத்துவார்கள். அப்படிப்பட்ட கடிதங்களில் 'பாக்கெபோ' என்ற பிரெஞ்சுச் சொல்லைக் குத்தும் ஏற்பாடு 1890களில் அகில உலகத் தபால் ஒன்றியத்தின் விதிகளால் வந்தது. இந்த விதி தெரியாதவர் கண்ணில், ஒரு நாட்டுத் தலையில் வேறு நாட்டு ஊர்ப்பெயர் விழுந்திருப்பது ஏதோ பிழை போலவோ பித்தலாட்டம் போலவோ தோன்றும். கொழும்புக் கப்பலில் வந்து, தூத்துக்குடி முத்திரை தாங்கிய இலங்கைத் தலை எவர் வீட்டிலாவது இருந்தால், அதைத் தூர எறியுமுன் நம்மிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே ஓடிய கப்பல்களிலோ கடிதங்களைப் பிரித்து அடுக்கக் கடல் தபால் அலுவலகம் என்றே ஒன்று 1868 முதல் 1914 வரை இயங்கியது. அதற்குத் தனி முத்திரை.

பித்தலாட்டம் என்றதால் அதைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுவோம். சில காலனித் தலைகள் புதிதாகக் கிடைப்பதைவிடப் பயன்படுத்தியதாகக் கிடைப்பது அரிது. ஆகவே முத்திரையைக் கள்ளத்தனமாகக் குத்துவோர் தோன்றினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் 'மேடம் ஜோசப்' என்ற பெயரோடு வழங்கிய கள்ள முத்திரைக் கட்டைகள் பல நூறு. பிற்காலத்தில் அவை அகப்பட்டு, ஒப்பிட்டுப் பார்க்க உதவுகின்றன. அவற்றையும் விஞ்சியவர் பிரான்சில் வாழ்ந்த ழான் தெ ஸ்பெராத்தி என்ற இத்தாலியர். அவர் மலிவான உண்மைத் தலையை எடுத்து, முத்திரையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் மருந்தால் வெளுக்கச் செய்து, அந்தத் தாளில் விலையுயர்ந்த தலையை அச்சிடுவார். தாள் உண்மை, முத்திரை உண்மை, தலை பொய்! 1942இல் அவர் வெளிநாட்டுக்கு அனுப்பிய தலைகளைச் சுங்கத்தார் பிடித்து, விலையுயர்ந்த சரக்கை அனுமதியின்றி ஏற்றுமதி செய்ததாக வழக்குத் தொடுத்தபோது, "ஐயா, இவை நான் செய்த போலிகள்" என்று அவரே மன்றாட, நிபுணர்களோ அசலே என்று சான்று கூறிய வேடிக்கையும் நடந்தது.

இப்போது நம் பழுப்பு ஓர் அணாவுக்குத் திரும்புவோம். அது போலியாக இருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. அவ்வளவு பாடுபட்டு அதைப் போலி செய்வார் இல்லை. கேள்வி அதுவன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலையில் அதை எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். முதலில் தாள். 1865 முதல் வந்த தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால் யானைத் தலை நீர்க்குறி ஒன்று தெரியும். இதில் அது இல்லை. ஆகவே தாள் அதற்கு முந்திய வகை. கிரீடமும் இல்லை. இதுவரை சிங்கப்பூருக்கு அனுகூலந்தான்.

பிறகு முத்திரை. இந்த வகையில் எண் எழுத்துக்கு நேர் கீழே நடுவாக அமைந்திருக்கும். வெறும் 17 என்றால், 'பி'யின் இடது புறம் 1, வலது புறம் 7 என்று சரிபாதியாக நிற்க வேண்டும். நம் தலையிலோ 7 என்னும் இலக்கம் ஏறக்குறைய 'பி'க்கு நேர் கீழேயே நிற்கிறது. ஆகையால் வலப்புறத்தில் மூன்றாவது இலக்கம் ஒன்று இருந்திருக்க வேண்டும். எண் 17 அன்று. நூற்றெழுபதில் தொடங்கி நூற்றெழுபத்தொன்பதுக்குள் ஒன்று. இதைக் கண்டறிந்தபோது நமக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் அடங்கியபின் கணக்குப் பார்த்தோம். 170 முதல் 179 வரை பத்து எண்கள். அவற்றுள் ஒன்றுதான் சிங்கப்பூர். மற்றவை வங்காள வட்டத்தின் வேறு அலுவலகங்களுக்கு உரியவையாக இருக்கும். மூன்றாவது இலக்கம் 2 என்று சொல்ல நம்மிடம் ஒரு கோடு கூட, ஒரு புள்ளி மை கூட இல்லை. சிங்கப்பூர் பெரிய துறைமுகமாகையால் அதற்கு வாய்ப்பு அதிகம் என்று வாதாடலாம். அது வாதமே ஒழிய சான்று ஆகாது. சிங்கப்பூராக இருக்க வேண்டும் என்ற நம் ஆசைதான் அன்று குருமடத்தில் பேனாவைப் பிடித்து எழுதியது.

ஒரு விரல் அகலத்துக்கு உறைத் தாளையும் சேர்த்து ஒருவர் வெட்டியிருந்தால் அந்த இலக்கம் இருந்திருக்கும். உறை முழுவதும் இருந்திருந்தால் பின்புறத்து வட்ட முத்திரை ஊரையும் நாளையும், சேர்ந்த இடத்து முத்திரை கடிதம் வந்த நாளையும் சொல்லியிருக்கும். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார் என்பதும் தெரிந்திருக்கும். கத்தரித்த கை யாருடையதோ. நம் கையும் அப்படித்தான் எத்தனையோ கடிதங்களின் வாயை அடைத்தது.

விழாக் கண்காட்சிக்கு வந்த உறைகளில் ஓட்டை விழாதவை பதினொன்று இருந்தன. அவற்றை அப்படியே கண்ணாடித் தாளுக்குள் வைத்து, முன்புறமும் பின்புறமும் தெரியும்படி மேசை மேல் நிறுத்தியிருக்கிறோம். தலையை உரித்துத் தரும்படி நம்மிடம் கேட்ட இளைஞர் இருவருக்கும் மறுமொழியாக, பர்மாவிலிருந்து வந்த உறை ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினோம். கப்பல் வந்து சேர்ந்த நாளும், நம் ஊர்த் தபாலாபீசில் கடிதம் இறங்கிய நாளும் அதில் வட்டமாக விழுந்திருந்தன. அந்தக் கடிதம் போட்டவரின் பேத்தியார் இன்றும் நம் பங்கில் இருக்கிறார். தேதியைப் படித்துச் சொன்னதும், அது தம் தகப்பனார் பிறந்த மாதம் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

அந்தப் பழுப்பு ஓர் அணாவும் அதே மேசையின் ஓரத்தில் இருக்கிறது. அதன் கீழே இருந்த 'சிங்கப்பூர்' என்ற சொல்லைச் சவர அலகால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, 'வங்காள வட்டம், பி 17–' என்று எழுதியிருக்கிறோம்.